இழுக்கும், ஆனால் சுமக்காது: டல்லாஸிலிருந்து மணல்மேடு வரை

முந்தின நாள், வியாழன் இரவு. டல்லாஸுக்கு வடக்கே

நாளைக் காலை, பிக்கப்பின் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர் வீட்டோடு, கொலராடோவிலுள்ள கிரேட் சாண்ட் டியூன்ஸ் என்ற மணல்மேட்டுப் பூங்காவுக்குக் கிளம்புகிறோம். பெட்டி கட்டியாயிற்று, டிரெய்லர் மாட்டியாயிற்று என்று மதியமே படம் போட்டிருக்க வேண்டியவன், இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து கூட்டல் கழித்தல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காரணம் அப்பா.

அப்பா நாமக்கல்லில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கடைசிப் பத்து வருடம் சொந்த வண்டி. எங்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஏப்ரலில் வந்தார். வந்த மூன்றாம் நாள் வீட்டு முன்னால் நின்ற டிரெய்லரைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "எடை போட்டியா?" என்றார். நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இன்று மதியம் எல்லாவற்றையும் ஏற்றி மாட்டிய பிறகு மறுபடி வந்து நின்றார். பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது, மூக்கு தூக்கியிருந்தது.

"வண்டி இழுக்கும்ப்பா. 11,200 பவுண்டு இழுக்கும்னு புக்குலயே போட்டிருக்கான். டிரெய்லர் முழுசா ஏத்தினாலே 7,600 தான்."

டிரெய்லர் விற்றவர் என்னிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவரும் என் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இழுப்பதே தெரியாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"இழுக்கறது கெடக்குது கண்ணு. அதோட மூக்கு உன்ற வண்டி மேல ஏறி உக்காந்திருக்குதே, அதைச் சுமக்குமா? உன்ற வண்டி எத்தனை பாஸிங்?"

பாஸிங் என்றால் நாமக்கல் பாஷையில் வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்று அனுமதிக்கப்பட்ட எடை. இங்கே அதற்குப் பெயர் பேலோடு. அதை எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, டயர் காற்று எவ்வளவு என்று பார்க்க எல்லோரும் குனிவோமே அதேதான். அதன் தலையிலேயே இருக்கிறது: ஆட்களும் சரக்கும் சேர்ந்து 671 கிலோ அல்லது 1,480 பவுண்டைத் தாண்டவே கூடாது. மூன்று வருடமாக தினமும் அந்தக் கதவைத் திறக்கிறேன். (பவுண்டைப் பாதியாக்கி அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். இனி பவுண்டிலேயே சொல்கிறேன், இங்கே ஸ்டிக்கரும் தராசும் அதில்தான் பேசுகின்றன.)

எங்களுடையது அரை டன் பிக்கப். பெயர்தான் அரை டன், அந்தக் காலத்துக் கணக்கு ஒட்டிக்கொண்டது. டிரெய்லர் 27 அடி, பிள்ளைகளுக்குப் பின்னால் அடுக்குக் கட்டில். காலியாக 5,900 பவுண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. அந்த எடையில் பாட்டரி இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு கரண்டி கூட இல்லை என்பது இன்றுதான் உறைத்தது.

வீட்டுத் தராசை எடுத்து ஆளாளுக்கு ஏறினோம். நான் 180, மனைவி 140, அப்பா 160, பையன் 105, பாப்பா 65. மொத்தம் 650. அப்படியென்றால் டிரெய்லரை மாட்டுவதற்கு முன்பே பாஸிங்கில் கிட்டத்தட்டப் பாதி காலி. டிரெய்லரின் மூக்கு எடை, அதாவது கொக்கியின் மேல் நேராக இறங்கும் எடை, மொத்த டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை இருக்க வேண்டும் என்பது விதி. 7,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 700 முதல் 1,050. இதுவும் பிக்கப்பின் பாஸிங்கிலிருந்துதான் கழியும். டிரெய்லரைக் கோக்கும் ஹிட்ச் இரும்பு மட்டும் 90. பிக்கப் தொட்டியில் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, விறகு, கரி, அரிசி மூட்டை, கிரைண்டர். கணக்கு உதைத்தது.

"காகிதத்துல போடாத, மேடையில போடு" என்றார் அப்பா.

டென்டன் பக்கம் ஐ-35 ஓரத்து ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்று கறுப்பு மஞ்சள் பலகை போட்ட எடை மேடை இருக்கிறது. 1977-லிருந்து லாரிக்காரர்கள் நம்பும் மேடை. தவறாக எடை காட்டி அதனால் அபராதம் வந்தால் அவர்களே கட்டுவதாக உத்தரவாதம் வேறு. நம்மூர் எடை மேடைபோல ஒரே பலகை இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. பிக்கப்பின் முன் ஆக்சில் ஒன்றில், பின் ஆக்சில் அடுத்ததில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்த வேண்டும். பேசுவதற்கான பொத்தான் பெரிய லாரியின் ஜன்னல் உயரத்தில் இருந்தது. படியில் ஏறி நின்று எட்டி அழுத்தினேன். எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இறங்கினால் கணக்குத் தப்பு.

மூன்று தடவை போட்டோம். எடை பரப்பும் கம்பிகளோடு (பின்னால் அழுத்தும் எடையை முன் ஆக்சிலுக்கும் பகிர்ந்து தள்ளும் கம்பிகள்) ஒன்று, கம்பியைக் கழற்றி ஒன்று, டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு பிக்கப் மட்டும் ஒன்று. மூன்றாவதில் பிக்கப் 6,640. கம்பியில்லாமல் டிரெய்லரோடு 7,600. வித்தியாசம் 960, அதுதான் எங்கள் மூக்கு எடை. விளம்பரத்தில் 640 என்று இருந்தது. மூக்கின் மேலேயே இரண்டு கேஸ் சிலிண்டர், பாட்டரி, அதற்குப் பின்னால் சாமான் அறை, முன்பக்கம் எங்கள் கட்டிலுக்கு அடியில் 40 காலன் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அச்சுக்கு முன்னால். கூடாமல் என்ன செய்யும்.

கம்பிகளோடு போட்ட முதல் சீட்டு இது: முன் ஆக்சில் 3,320, பின் ஆக்சில் 4,160, டிரெய்லர் 6,340. மொத்தம் 13,820.

மொத்தத்துக்கு எங்கள் வரம்பு 16,900. அதில் மூவாயிரம் பவுண்டு பாக்கி. டிரெய்லர் தனியாக 7,180, இழுவை வரம்பு 11,200, அதிலும் பாக்கி. ஆனால் பிக்கப் மட்டும் 7,480, அதன் வரம்பு 7,050. 430 பவுண்டு கூடுதல். பின் ஆக்சிலின் வரம்பு 4,050, அதிலும் 110 கூடுதல். விற்றவர் சொன்ன ஒரு எண்ணில் அமோகமாகத் தேறிவிட்டு, அவர் சொல்லாத இரண்டில் தோற்றிருக்கிறேன்.

அப்பா சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்மூர்லயா இருந்தா இதுக்குள்ள கைய நீட்டியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். இங்கே தனியார் பிக்கப்பை வழியில் நிறுத்திப் பொதுவாக யாரும் எடை போடுவதில்லை. அதனால்தான் இப்படியே ஓட்டுகிறார்கள் போல.

வீட்டுக்கு வந்து இறக்க ஆரம்பித்தோம். முதலில் தண்ணீர். 40 காலன் என்றால் 334 பவுண்டு. முகாமில் குழாய் இருக்கிறது, எதற்கு ஆயிரம் கிலோமீட்டர் சுமக்க வேண்டும்? திறந்துவிட்டோம், புல்வெளி குடித்தது. விறகு, கரி வேண்டாம், விறகை மாநிலம் விட்டு மாநிலம் எடுத்துப் போனால் பூச்சியும் கூடவே போகும். முன் அறையிலிருந்த பாதி டூல்ஸ் கராஜுக்குப் போயிற்று. ஐஸ் பெட்டி, அரிசி, ஜெனரேட்டர் எல்லாம் தொட்டியிலிருந்து டிரெய்லருக்குள், சரியாகச் சக்கரங்களுக்கு மேலே தரையில்.

கிரைண்டரில்தான் சண்டை.

"முப்பது பவுண்டுதானே மாமா, அதுல என்ன வந்துடப் போகுது?" என்றாள் மனைவி.

"அம்மிணி, லாரியில ஓவர்லோடு எப்பிடி ஏறுதுன்னு நினைக்கற? முப்பது முப்பதாத்தான்."

கிரைண்டர் வீட்டில் நிற்கிறது. மாவை இப்போதே அரைத்து இரண்டு பெரிய டப்பாவில் எடுத்துப் போவதாக ஒப்பந்தம். மறுபடி மேடைக்குப் போய் வந்து இப்போதுதான் படுக்கப் போகிறோம். புதுச் சீட்டு: 3,400, 3,640, 6,220. பிக்கப் 7,040. வரம்புக்குப் பத்து பவுண்டு கீழே. நாளை காலையில் யாரும் இட்லி நாலுக்கு மேல் சாப்பிடக் கூடாது.

முதல் நாள், வெள்ளி. அமரில்லோ

யூஎஸ் 287 நேராக வடமேற்கே ஓடுகிறது. விச்சிட்டா ஃபால்ஸ், வெர்னன், சில்ட்ரஸ், கிளாரன்டன். ஊர் பேர் சொல்லி முடிப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். பிறகு புல், வேலி, காற்றாடி, மறுபடி புல்.

அனுமதித்த வேகம் 75 மைல். நாங்கள் 62. பின்னால் வருகிறவர்கள் பல்லைக் கடிப்பது கண்ணாடியில் தெரிகிறது. டிரெய்லர் டயரின் பக்கச் சுவரில் எஸ்டி என்று இருந்து, வேறு வேகக் குறியீடு எதுவும் இல்லையென்றால் அது 65 மைலுக்கு மேல் ஓடப் பிறந்த டயர் இல்லை. வெயிலில், சுமையோடு, காற்றுக் குறைவாக 75-இல் போனால் வெடிப்பது அதுதான். காலையில் ரப்பர் குளிர்ந்திருக்கும்போதே ஊரிலிருந்து காற்றுப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

மதியத்துக்கு மேல் காற்று. அமெரிக்காவில் காற்று அதிகம் வீசும் ஊர்களில் அமரில்லோவுக்கு எப்போதும் இடம் உண்டு. எதிரிலிருந்து முகத்தில் அடித்தபோது காலனுக்கு 9 மைலுக்கு வந்துவிட்டது, டிரெய்லர் இல்லாமல் இதே வண்டி 20 தரும். எடை இல்லை, முகம்தான் பெட்ரோலைக் குடிக்கிறது. சமதரையில் எட்டடி அகல, பதினோரு அடி உயரச் சுவரை இழுத்துக்கொண்டு போகிறோம். இதனாலேயே சில பிக்கப் கம்பெனிகள் இழுவை வரம்போடு, டிரெய்லரின் முகப்பு இத்தனை சதுர அடிக்குள் இருக்க வேண்டும் என்றும் அடிக்குறிப்பு போடுகின்றன. அடிக்குறிப்பை எந்த விற்பனையாளர் படித்துக் காட்டுவார்?

பெரிய லாரி முந்தும்போது முதலில் அதன் மூக்குக் காற்று டிரெய்லரின் வாலைத் தள்ளும், பிறகு உறிஞ்சும். நேற்றைய எடையோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. இன்று ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். முன் சக்கரத்தில் எடை இருக்கிறது, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கிறது. எடை பரப்பும் கம்பி செய்வது இதைத்தான். பின்னால் அழுத்தும் எடையில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும், கொஞ்சத்தை டிரெய்லர் சக்கரத்துக்கும் நெம்பித் தள்ளுகிறது. ஆனால் எடையைக் குறைப்பதில்லை. கம்பி போட்டுவிட்டால் எதையும் ஏற்றலாம் என்று நினைத்த கட்சியில் நேற்று வரை நானும் இருந்தேன்.

முகாமில் டிரெய்லர் கதவைத் திறந்தால் புளித்த வாசம். நாமக்கல்லில்கூட இவ்வளவு சீக்கிரம் பொங்காது. ஐஸ் கரைந்து, மூடிய டிரெய்லர் அடுப்பாகி, மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு சக்கரத்துக்கு நேர் மேலே, நாங்கள் எடை பார்த்துப் பார்த்து வைத்த அதே இடத்தில், தரை பூராவும் ஓடியிருந்தது. துடைத்தோம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதை வெகுநேரம் செய்தாள்.

இரண்டாம் நாள், சனி. டிரினிடாட், கொலராடோ

டூமாஸ், டால்ஹார்ட், டெக்ஸ்லைன், நியூ மெக்சிகோவில் கிளேட்டன். டால்ஹார்ட்டில் மாட்டுப் பண்ணை வாசம் ஜன்னல் மூடியிருந்தும் உள்ளே வந்து உட்கார்ந்தது. கிளேட்டன் தாண்டியதும் அணைந்த எரிமலைகள் கவிழ்த்த கூடைகளாகத் தெரிய ஆரம்பித்தன. அதில் கச்சிதமானது கபூலின், 8,182 அடி. தூரத்திலிருந்தே கும்பிடு போட்டோம். மேலே ஏறும் பாதை எங்கள் வாலுக்கு ஆகாது.

பிறகு ராட்டன். ஊர் முடிந்ததும் ஐ-25 மலையேறுகிறது. கணவாயின் உச்சி 7,834 அடி. டெக்சஸ்காரர்கள் கோடையில் கொலராடோ ஓடுவதற்கு இந்தக் கதவு வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறார்கள். அந்தக் காலத்தில் சாண்டா ஃபே தடத்து மாட்டு வண்டிகளும் இதன் வழியேதான் ஏறின. 1860-களின் நடுவில் வூட்டன் என்றொருவர், எல்லோருக்கும் டிக் மாமா, கணவாயில் 27 மைல் பாதையை வெட்டி நடுவில் கதவு போட்டுச் சுங்கம் வசூலித்தார். பூர்வகுடிகளிடம் மட்டும் வாங்கவில்லை. 1878-இல் ரயில்காரர்கள் வந்து வழியை வாங்கிக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் அப்பா, "அப்பவே டோல்கேட்டா?" என்று வாழ்நாள் வைரியின் வீட்டு முகவரி கிடைத்ததுபோலப் பார்த்தார்.

ஏற்றத்தில் வலது ஓரம், 48 மைல், லாரிகளின் பின்னால் ஒரு லாரியாக. டர்போ இஞ்சின் என்பதால் மூச்சு வாங்கவில்லை. டர்போ இல்லாத இஞ்சின் ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் பலம் இழக்கும். இந்த உயரத்தில் கால்வாசி போயிருக்கும், கூடவே புத்தகத்தில் போட்ட இழுவை வரம்பும் தேயும்.

அந்த வரம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நேற்று இரவு தரை துடைத்த பிறகு படித்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. 2008-இல் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 என்று பொது விதி எழுதியது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு மேலே ஏறும் 11.4 மைல் மலைப்பாதைதான் அதன் பரீட்சைக்கூடம். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில், என் மாதிரி வண்டிகள் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். நியாயமான பரீட்சைதான். ஆனால் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் பாருங்கள்: ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர், தலைக்கு 150 பவுண்டு. பிக்கப் தொட்டி காலி. பிள்ளைகள் இல்லை, அப்பா இல்லை, அரிசி மூட்டை இல்லை. 11,200 என்பது அந்த இரண்டு பேருக்கான எண். நாம் ஏற ஏற அது இறங்கும். இந்த ஒரு வரியை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நான் நாலாயிரம் டாலர் குறைவான, நாலடி குட்டையான டிரெய்லர் வாங்கியிருப்பேன்.

உச்சியைத் தாண்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் லோடோடு இறங்கியவர். "ஏறின கியர்லயே எறங்கு. பிரேக்குல கால வெச்சுட்டே வராத."

டோ-ஹால் என்ற, சுமை இழுக்கும்போது கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் பொத்தானை அமுக்கி மூன்றாம் கியரில் பிடித்தேன். இஞ்சின் 3,500 சுற்றில் உறுமியது, மனைவிக்கு அது வண்டி வெடிக்கப் போகும் சத்தமாகக் கேட்டது. வேகம் 55-க்கு ஏறும்போது ஒரே அழுத்தாக அழுத்தி 45-க்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிட வேண்டும், பிரேக் ஆற அவகாசம் கிடைக்கும். எங்களுக்கு முன்னால் போன ஒரு சின்ன பிக்கப், பின்னால் பெரிய டிரெய்லர், மூக்கு வானத்தைப் பார்த்தபடி, பிரேக் விளக்கு அணையவே இல்லை. கீழே வளைவில் அதன் சக்கரத்திலிருந்து வந்த கருகல் வாசம் எங்கள் வண்டிக்குள் வந்தது. அப்பா அந்த வாசத்தை மூக்கைச் சுளிக்காமல் முகர்ந்தார். "லைனிங்" என்றார்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும். மணல்மேடு

வால்சன்பர்க்கிலிருந்து யூஎஸ் 160-இல் லா வேட்டா கணவாய், 9,413 அடி. ராட்டனை விட உயரம், ஆனால் ராட்டன் அளவு மிரட்டவில்லை, அல்லது நாங்கள் பழகிவிட்டோம். ஃபோர்ட் கார்லண்ட் தாண்டி வலது பக்கம் திரும்பினால், பனி படிந்த மலையின் காலடியில் யாரோ பாலைவனத்தைக் கொட்டிவிட்டுப் போனதுபோல மணல். உயரமானது 741 அடி. ஜூன் ஆரம்பம் என்பதால் மெடானோ ஓடை ஓடுகிறது, கணுக்கால் தண்ணீர். மணலடியில் தேங்கித் தேங்கி உடைந்து சின்ன அலைகளாக வருகிறது. பிள்ளைகளுக்கு மெரினா, அப்பாவுக்குக் காவேரி. படம் நாளை போடுகிறேன்.

தேசியப் பூங்காவுக்கு வெளியே ஒரு முகாமில் இருக்கிறோம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம், 334 பவுண்டும் மாமியார் வீட்டுக்குத் திரும்பிய மருமகள்போல வந்து சேர்ந்தது. எட்டாயிரம் அடியில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு குக்கரில்தான் வேகும். மிஞ்சிய மாவு இங்கே ராத்திரிக் குளிரில் ஒரு பொட்டுகூடப் பொங்கவில்லை. தோசை.

பக்கத்துத் தளத்தில் கான்சாஸிலிருந்து வந்த ஓய்வுபெற்ற விவசாயி. முக்கால் டன் டீசல் பிக்கப், பக்கத்தில் நின்றால் என்னுடையது அதன் குட்டி மாதிரி. அடுத்த வண்டி இதுதான் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டபடி, எவ்வளவு சுமக்கும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து ஸ்டிக்கரைக் காட்டினார். 2,050. இவ்வளவுதானா? டீசல் இஞ்சினே பல நூறு பவுண்டு கூடுதல், அதன் மேல் நான்கு சக்கர ஓட்டம், தோல் இருக்கை, மேற்கூரைக் கண்ணாடி. மொத்த எடையை 10,000 பவுண்டுக்குள் நிறுத்திக்கொள்வதால் இஞ்சின் தின்றதெல்லாம் பேலோடிலிருந்துதான் போகிறது. அவருடையது ஐந்தாம் சக்கர வகை (ஃபிஃப்த் வீல்), அதாவது கொக்கி பிக்கப் தொட்டிக்குள்ளேயே உட்காரும் டிரெய்லர், அதன் கொக்கி எடை மட்டும் 1,900. அவரும் மனைவியும் நாயும் ஏறினால் தீர்ந்தது. "நாங்கள் மூவரும் ஏறினால் வரம்பு தாண்டிவிடும். நாயை விட்டு வர மனசில்லை" என்றார்.

அப்பாவுக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் போய் அந்த வண்டியின் அடியில் குனிந்து கமான் பட்டையை எண்ணிவிட்டு வந்தார். இருவரும் பிறகு ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள், டயரைத் தட்டினால் போதும்போல.

ஐந்தாம் நாள், செவ்வாய். மறுபடி அமரில்லோ

இன்று மாட்டிக்கொண்டோம்.

தவறு காலையிலேயே நடந்துவிட்டது. முகாமின் கழிவுநீர்க் குழி பூட்டியிருந்தது, மதியம்தான் திறப்பார்களாம். காத்திருக்கப் பொறுமையில்லை. குடிதண்ணீரைத் திறந்துவிட்டோம், சரி. ஆனால் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் 30 காலன் அப்படியே கிளம்பியது. அந்தத் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. நாற்காலி, பந்தல், பாய் எல்லாம் மணல். முன் அறை அழுக்காக வேண்டாம் என்று கடைசி அடுக்குக் கட்டிலின் மேல், டிரெய்லரின் வால் நுனியில் போட்டேன். முன் அறையில் இருந்த டப்பா உணவை நான்கு நாளாகத் தின்று தீர்த்திருந்தோம். ஒவ்வொன்றும் சின்ன விஷயம். எல்லாமே ஒரே திசையில்.

பிக்கப் அருமையாக நின்றது, பின்னால் அழுந்தவே இல்லை. பார்த்து சந்தோஷப்பட்டேன் வேறு.

லா வேட்டா இறக்கத்தில் பக்கவாட்டுக் காற்று ஒரு தட்டு தட்டியது. டிரெய்லர் இடது பக்கம் போய்த் திரும்பியது. திரும்பியது நிற்கவில்லை, வலது பக்கம் போயிற்று, முதலாவதை விடக் கூடுதலாக. மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பின் பின்பாகமும் சேர்ந்து ஆடியது. கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டு முழுசாகத் தெரிந்தது, தெரியவே கூடாத காட்சி அது. கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று.

"பிரேக் புடிக்காத!" அப்பா கத்தியதை என் வாழ்நாளில் இரண்டாவது தடவையாகக் கேட்டேன்.

ஆக்சிலரேட்டரை விட்டேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவில்லை. வலது கையால் டேஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் மெல்ல நகர்த்தினேன். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது, கயிறு விறைத்ததுபோல இருவரும் ஒரே கோட்டுக்கு வந்தோம். ஐந்து வினாடி இருக்கலாம். பாப்பா பின்னாலிருந்து "இன்னொரு தடவை" என்றாள்.

அகலமான ஓரம் கிடைத்ததும் நிறுத்தினேன். கை நடுங்கியது. சாலையோரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வால் நுனியில் ஏற்றிய 120 பவுண்டு மூக்கிலிருந்து எழுபதைத் தூக்கும், கழிவுநீர் அறுபத்தைந்து, தின்று தீர்த்தது கொஞ்சம். 790 இருந்த மூக்கு 640-க்கு வந்திருக்கும். டிரெய்லரின் எடை 6,950. நூற்றுக்கு ஒன்பதுதான். போன வியாழன் மூக்கு கனம் என்று பயந்தோம், இன்று மூக்கு லேசாகி உயிரை வாங்கப் பார்த்தது. கனம் வண்டியின் ஆக்சிலைத் தேய்க்கும், மெதுவாக. லேசு அவகாசமே தராது.

நாற்காலி, பந்தல், பாய் மூன்றையும் மணலோடு முன் அறைக்கு மாற்றினோம். வால்சன்பர்க்கில் பணம் கொடுத்துக் கழிவுநீரைக் கொட்டினோம். அதற்குப் பிறகு ராட்டனில் காற்று இருந்தது, கிளேட்டனில் இன்னும் இருந்தது, டிரெய்லர் மூச்சுவிடவில்லை.

அமரில்லோவில் முதல் வேலையாக எடை மேடை. இந்த முறை நிறுத்தும் இடத்தை அப்பாவே கீழே நின்று கை காட்டிச் சரி பார்த்தார். பிறகு ஞாபகம் வந்து ஓடிவந்து ஏறிக்கொண்டார், அவருடைய 160 பவுண்டும் கணக்கில் வர வேண்டுமே. பிக்கப் 7,020. சீட்டை வாங்கி இரண்டாக மடித்து, வியாழக்கிழமைச் சீட்டுகளோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஊருக்கு எடுத்துப் போகிறாராம். லாரி ஆபீஸில் காட்ட வேண்டுமாம்.

இரவு தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மருமகளிடம் சொன்னார்: "செப்டம்பர்ல நான் கெளம்பிருவேன் அம்மிணி. நூத்தி அறுவது மிச்சமாகும். அடுத்த தடவை கிரைண்டரை ஏத்திக்குங்க."

அவள் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிரைண்டர் முப்பதுதான் மாமா" என்றாள்.